இடவப்பாதிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

செங்கோட்டை,
வைகாசி 6

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "காலைல கைக்குக் கிடைச்சத எடுத்து மாட்டிக்கிட்டு ஓடுறேம்மா, உடுத்துறதுல இருந்த ஆசையே போயிட்டு" என்றாய். ஆசை எங்கேயும் போகவில்லை அம்மாடி. பருவம் மாறப் போகிறது, உன் அலமாரி இன்னும் மாறவில்லை. சித்திரை வெயிலுக்கென்று அடுக்கின துணியோடு மழைக்குள் நுழைந்தால் யாருக்கும் சலிப்பு வரத்தான் செய்யும். உடம்போடு ஒட்டும், காயாது, வாடை அடிக்கும். அதற்குப் பயந்தே கை எதையோ எடுக்கும்.

நீ இருக்கிற திருவனந்தபுரத்தில் மலையாள மாசக் கணக்கு, அதில் இடவம் என்பது நம்முடைய வைகாசி. அதில் பாதி போனால் மழை, அதுதான் இடவப்பாதி. ஜூன் 1 என்று வானிலைக்காரர்கள் சொல்வதும் அந்தக் கணக்கை ஒட்டித்தான். அதற்கு முன்னால் நல்ல வெயிலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அந்த ஒரு நாளை உன் துணிமணிக்குக் கொடு. கடைக்குப் போக வேண்டாம், புதுசு எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இங்கிருந்து திருவனந்தபுரம் 100 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் காற்று வேறு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்கு வருவது சாரல். நனைக்கும், பின்னாலேயே காற்று வந்து உலர்த்தும், நடுநடுவே வெயில் எட்டிப் பார்க்கும். கொடியில் கிளிப் போட்டுவிட்டால் ஆனி மாசத்திலும் சாயந்திரத்துக்குள் சேலை காய்ந்துவிடும். உன் ஊரில் கடல் பக்கத்து ஈரம் அசையாமல் நிற்கும். துணியைக் காய வைப்பதில் வெயிலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காற்றுக்கும் உண்டு. இங்கே பழகின மாதிரி அங்கே துணியைப் போட்டுவிட்டு, காயவில்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டு. ஒவ்வொன்றையும் மடிப்புக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார், பிறகு கன்னத்தில் வை. விரலுக்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத் தெரிந்துவிடும். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வெயில் காட்டாமல் அதை மறுபடி அடுக்காதே. கஞ்சி போட்ட காட்டன் சேலைகளை அன்றைக்கே அலசிக் கஞ்சியை எடுத்துவிடு. கஞ்சி என்பது பூசணத்துக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் நாம் எடுத்து வைக்கிற சாப்பாடு. ஒரு தடவை உடுத்தினதுதானே என்று வேர்வையோடு மடித்து வைத்ததும் அப்படித்தான். பட்டு இருந்தால் நேர் வெயில் காட்டாதே, சாயம் மங்கும். நிழலில் காற்றாட ஒரு மணி நேரம் போதும். பழைய மடிப்பிலேயே மறுபடி மடிக்காமல் மடிப்பை மாற்றிப் போடு. ஒரே மடிப்பில் கிடக்கிற பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப் போகும், ஜரிகை முதலில் உடையும். பாலித்தீன் கவர் வேண்டாம். பழைய வேட்டித் துண்டில் சுற்றி மேல் தட்டில் வை. உள்ளே ஊக்கு எதுவும் மாட்டியபடி இருக்கிறதா என்று பார்த்துவிடு. மழைக்காலத்தில் ஒரு ஊக்கு துருவேறினால் ஒரு சேலை போய்விடும்.

வெளியே வைக்க வேண்டியது எது என்பதுதான் முக்கியமான சங்கதி. கடையில் ஒட்டிய லேபிளை நம்பாதே. தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டு. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தூளாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம். ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், அதனால் அங்கே இன்னொரு சோதனை: நூலை ஈரமாக்கி இழு. பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலம் குறைந்து சட்டென்று அறும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மழை மாசத்தில் ரேயானை நான் ஒதுக்கச் சொல்வேன். பார்க்க நன்றாகத் தொங்கும், வெயிலுக்கு இதம். ஆனால் நனைந்தால் கனமேறிக் கீழே இழுக்கும், தோளில் மாட்டிக் காய வைத்தால் இரண்டு விரல் நீளம் கூடிவிடும், தையல் ஓரம் விட்டுக்கொடுக்கும். உன்னிடம் இருக்கிற ரேயான் குர்த்திகளைக் கார்த்திகைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்கு நான் சொல்வது, மேலே பருத்தி, கீழே கலப்பு. வேர்க்கிறது மேல் உடம்பு, அதற்கு வாயில் துணி, மல் துணி மாதிரி மெல்லிய காட்டன் வேண்டும். நனைகிறது முழங்காலுக்குக் கீழே, அதற்குச் சீக்கிரம் காய்கிற டெரிகாட்டன் பேன்ட் நல்லது. முழுக் காட்டன் பேன்ட்டும் ஜீன்ஸும் நனைந்தால் அந்த ஊரில் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டியில் ஈரம் நிற்கும். மல் துணியில் ஒரு குறை, நனைந்தால் உடம்பு தெரியும். உள்ளே லைனிங் கொடுத்துத் தை, அல்லது அடர் நிறத்திலும் நெருக்கமான பூப்போட்டதிலும் எடு. லினன் இருந்தால் தாராளமாக எடுத்து வை. கசங்கும், ஆனால் வேகமாகக் காயும், ஈரத்திலும் உறுதி குறையாது. மழை நாளில் லினன் கசங்கினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். சேலை கட்டுகிற நாளில் ஜார்ஜெட் எடு, உதறினாலே பாதி ஈரம் போய்விடும். உள்பாவாடையைச் சேலையைவிட 2 அங்குலம் ஏற்றிக் கட்டு. பாப்ளின் பாவாடை கீழே நனைந்தால் ஈரம் மேலே ஏறிக் காலோடு ஒட்டிக்கொள்ளும், நடையே தடுமாறும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசை அங்கேதான் திரும்பி வரும். வெயில் காலத்தில் இதமாகத் தெரிந்த சந்தனமும் வெளிர் ரோஸும் மேகம் மூடிய வெளிச்சத்தில் சோர்ந்து தெரியும். மஞ்சள்கிழங்கு நிறம், கிளிப்பச்சை, செங்கல் சிவப்பு, கத்தரிப்பூ நிறம், இதெல்லாம் மழை வெளிச்சத்தில்தான் எடுப்பாக இருக்கும். அந்தப் பச்சைக்கரை மஞ்சள் துப்பட்டாவை வெயிலில் போட்டுவிட்டுக் கண் கூசுகிறது என்று உள்ளே வைத்தாயே, அதை ஜூன் மாசம் ஒரு மூட்டமான காலையில் எடுத்துப் போட்டுப் பார். கீழே போடுவது மட்டும் பழுப்பு, கருநீலம், அடர்பச்சை என்று இருக்கட்டும். அந்த ஊர்ச் செம்மண் தெறித்தால் வெளிர் துணியிலிருந்து லேசில் போகாது. தெறித்த உடனே ஈரத்தோடு தேய்த்தால் மண் இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டுத் தட்டி, பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, அதற்குப் பிறகு சோப்பும் பச்சைத்தண்ணீரும்.

சிவப்பும் கருநீலமும் புதுசாக இருந்தால் உள்பக்கத் தையலில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால் மூன்று நான்கு அலசல் தனியாகத்தான். மழையில் நனைந்து சாயம் பக்கத்துத் துணிக்கு இறங்கினால் பிறகு எடுக்க முடியாது.

இனி ஊசி வேலை. அங்கே தையல்காரரிடம் கொடுப்பதாக இருந்தாலும் இதையெல்லாம் நீயே சொல்லிக் கொடு. பேன்ட், சல்வார் எல்லாம் கணுக்கால் எலும்புக்கு மேலே 2 அங்குலத்தில் நிற்கட்டும். வெட்டச் சொல்லாதே, உள்ளே மடித்து ஹெம்மிங் போடச் சொல். தை மாசம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். புதுக் காட்டன் துணி தைக்கக் கொடுக்கும்போது முதல் நாள் ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறப் போட்டு, பிழியாமல் நிழலில் காய வைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொடு. ஊற வைக்காத காட்டனில் 40 அங்குலக் குர்த்தி தைத்தால் இரண்டு அலசலில் 1 அங்குலம் ஏறிவிடும், சிலது 2 அங்குலம்கூட. லைனிங் துணியையும் சேர்த்து ஊற வை. மேல் துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் மார்பிலும் இடுப்பிலும் சுருக்கம் விழும், எத்தனை இஸ்திரி போட்டாலும் நேராகாது. சேலை ஃபால்ஸும் இதே கதைதான். இரண்டரை மீட்டர் ஃபால்ஸை ஊறப் போடாமல் தைத்தால் முதல் அலசலிலேயே கரை அலை அலையாக ஏறி நிற்கும். பார்க்கிறவர்கள் சேலை மட்டம் என்பார்கள், சேலையில் ஒரு குறையும் இருக்காது.

ஜாக்கெட் ஊக்குகளைப் பித்தளையில் போடச் சொல். இரும்பு ஊக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. துருக்கறை விழுந்துவிட்டால், வெள்ளைக் காட்டனாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசு, போய்விடும். வண்ணத் துணியில் எலுமிச்சையை உள்தையலில் சோதித்துப் பார்க்காமல் வைக்காதே.

கரிம்பனைப் பற்றி நீ கேட்டாய். அங்கே அப்படிச் சொல்கிறார்கள், நாம் பூசணப்புள்ளி என்போம். ஊசி முனையால் குத்தினது மாதிரிக் கறுப்புக் கறுப்பாக வரும். எங்கே வருகிறது என்று உற்றுப் பார்த்தால் ஏன் வருகிறது என்பது தெரிந்துவிடும். பாவாடை நாடா போகிற மடிப்பு, லெக்கின்ஸ் எலாஸ்டிக், காலர் மடிப்பு, அக்குள் தையல், பை. துணி இரண்டு மூன்று அடுக்காக இருக்கிற இடம் எல்லாம் கடைசியாகத்தான் காயும். துணியின் பரப்பு காய்ந்ததும் நாம் எடுத்து மடித்துவிடுகிறோம், மடிப்புக்குள் ஈரம் கிடந்து பூக்கிறது. அதனால் எப்போதும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடு. பாவாடையை நாடாப் பக்கம் மேலே வர விரித்துப் போடு. மெஷினில் இரண்டாவது தடவை ஸ்பின் விடு, அது தருகிற உதவியை வெயில்கூடத் தராது. கொடியில் ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அறைக்குள் என்றால் ஃபேனுக்கு அடியில், ஜன்னலை ஒரு பக்கம் திறந்து வைத்து. மூடின அறையில் எட்டுத் துணி காய்ந்தால் அந்த ஈரம் முழுக்க அந்த அறைக்குள்ளேயே சுற்றி, அலமாரிக்குள் போய் உட்காரும்.

முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போடு, மிச்ச ஈரம் அதில் போகும். ஆனால் சூட்டோடு மடிக்கவே கூடாது. இஸ்திரிப் பெட்டி கிளப்பின ஆவி துணிக்குள்ளே இருக்கும். கால் மணி நேரம் ஹேங்கரில் ஆறவிட்டு மடி.

புள்ளி விழுந்துவிட்டதா, இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் வழி உண்டு. வெள்ளைக் காட்டனுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் குளோரின் பிளீச் கலந்து 10 நிமிடம் ஊற வைத்து மூன்று தண்ணீரில் அலசு. அதோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்த்துவிடாதே, மூச்சை அடைக்கிற வாயு கிளம்பும். ஜன்னலும் திறந்திருக்கட்டும். வண்ணத் துணிக்கு ஆக்சிஜன் வகை பிளீச் தூள்தான். பட்டு, கம்பளி, ஜரிகை, எலாஸ்டிக் இருக்கிற துணி, இந்த நான்குக்கும் குளோரின் பிளீச் ஆகவே ஆகாது. மாசக்கணக்கில் கிடந்த புள்ளி போகாது, இழையையே கறையாக்கியிருக்கும். அதோடு போராடித் துணியைக் கிழிக்காமல் வீட்டில் போட்டுக்கொள்.

அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு. கீழ்த் தட்டில் ஈரம் உறிஞ்சுகிற கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று வை. மாசம் ஒரு தரம் பார், தண்ணீர் சேர்ந்திருக்கும், கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் துணியில் சிந்தக் கூடாது. அந்துருண்டை போட்டால் துணியில் படாமல் சின்னப் பையில் கட்டிப் போடு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் போர்த்துகிற எதையும் அந்த அலமாரியில் வைக்காதே, சில குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தத்துக்குக் கேடு. எனக்கு அந்துருண்டையைவிட வசம்புதான் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த துண்டு நாலைந்தைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று. கூடவே வெட்டிவேர். அங்கே அதை ராமச்சம் என்பார்கள். வெட்டிவேர் வைத்த அலமாரியைக் காலையில் திறந்தால், எதை உடுத்தலாம் என்று யோசிக்கவே ஒரு ஆசை வரும்.

ஆபீஸில் ஏசி. வெளியே புழுக்கம், உள்ளே குளிர். நனைந்த துணியோடு ஏசியில் உட்காராதே. உன் மேசை இழுப்பறையில் ஒரு பேன்ட், ஒரு காட்டன் சால்வை, ஒரு ஈரிழைத் துண்டு, இவ்வளவும் துணிப்பையில் இருக்கட்டும். மாற்றின ஈரத்துணியை பாலித்தீன் கவரில் கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்த உடனே எடுத்து உதறிப் போடு. ராத்திரி முழுக்க கவருக்குள் கிடந்தால் காலையில் வாடை வந்துவிடும். தோல் செருப்பு ஆவணி வரைக்கும் வேண்டாம், ரப்பர் போதும். ஷூ நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து இரண்டு மணிக்கொரு தரம் மாற்று.

கர்க்கடகம், அதாவது நம்முடைய ஆடி, அதுவரை இந்தத் துணிகளே போதும். ஆடித் தள்ளுபடி என்று இங்கே கூப்பிடுவார்கள், நீ ஓடி வராதே. சிங்கம், அதாவது நம்முடைய ஆவணி, பிறந்ததும் மழை கொஞ்சம் விடும், வெயில் பளிச்சென்று அடிக்கும், அப்போதுதான் ஓணக்கோடி, ஓணத்துக்கு எடுக்கிற புதுத்துணி. இரண்டு துண்டாக உடுத்துகிற செட்டுமுண்டுக்கு அந்த வெளிச்சத்தைவிடப் பொருத்தமான வெளிச்சம் வருஷத்தில் வேறு கிடையாது. வாங்குவதாக இருந்தால் உன் ஊரிலிருந்து நாகர்கோவில் சாலையில் இருக்கிற பாலராமபுரம் போய்த் தறியில் பார்த்து வாங்கு. அங்கே நெசவு தொடங்கினது 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், தமிழ்ப் பக்கத்திலிருந்து போன சாலியர் நெசவாளர்களால் என்பார்கள். நல்ல கைத்தறி முண்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரத்தில் நூல் தொங்காது. கசவை, அதாவது ஜரிகைக் கரையை, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார். பாலியெஸ்டர் ஜரிகை பளபளப்பு கூடுதலாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். வெள்ளி இழையில் பொன்முலாம் போட்டது அடங்கி மின்னும், விலை பல மடங்கு. இரண்டில் எது உன் கைக்கு ஏற்றதோ அதை வாங்கு, ஆனால் எதை வாங்குகிறாய் என்று தெரிந்து வாங்கு.

அந்த முண்டின் நிறம் வெளுக்காத பருத்தியின் நிறம், கோரா. அதனால் நீலம் போடக் கூடாது, வெண்மை தருகிற திரவமும் கூடாது. ஒரே ஒரு அலசலில் அந்தப் பால்வண்ணம் போய்ச் சாம்பல் பூத்தது மாதிரி ஆகிவிடும், திரும்ப வராது. மிதமான சோப்பில் கையால் அலசு, முறுக்காதே, கசவு உள்ளே போக மடித்து நிழலில் போடு. இஸ்திரி உள்பக்கம், கசவின் மேல் மெல்லிய துணி விரித்து. சென்ட் அடிப்பதானால் உடுத்துவதற்கு முன்னால் உடம்பில் அடித்துக்கொள், கசவில் பட்டால் கறுக்கும். நவம்பர் 1 கேரளப்பிறவி, ஆபீஸில் எல்லாரும் கசவு உடுத்தி வருவார்கள். 1956-இல் அதே நாளில்தான் செங்கோட்டை மலையாளப் பக்கத்திலிருந்து தமிழ்ப் பக்கம் வந்தது. அன்றைக்கு நீ செட்டுமுண்டுக்கு, நம் பக்கத்து வீரவநல்லூரில் செடியும் பூவுமாக நெய்கிற செடிபுட்டா ஜாக்கெட் துணி போட்டுக்கொண்டு போ, இரண்டு பக்கமும் உன் மேல் இருக்கும்.

துலாம் மாச மழை, நம்முடைய ஐப்பசி மழை, வேறு மாதிரி. காலையில் வெயில், மத்தியானத்துக்கு மேல் இடி. துணியைக் காலை ஆறு மணிக்கே கொடியில் போட்டு ஒரு மணிக்குள் எடுத்துவிட ஏற்பாடு பண்ணு.

கஞ்சியெல்லாம் தை பிறந்த பிறகு. அப்போது காட்டன் சேலை மொடமொடவென்று நிற்க வேண்டும், அதுதான் அழகு. 2 டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடியாகிற வரைக்கும் கொதிக்க விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று லிட்டர் தண்ணீரில் கலந்துகொள். அலசின ஈரத்தோடு சேலையை 5 நிமிடம் முக்கி எடு. வடிகட்டாமல் விட்டால் கறுப்புச் சேலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். காய்ந்தபின் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி வைத்து இஸ்திரி. மகர மாசம், அதாவது அந்தத் தையில், நீ இங்கே வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து முனை பிடித்து இழுக்கலாம். சேலையை நேராக்க ஒருத்தியால் ஆகாது.

பார்சல் நாளைக்கு அனுப்புகிறேன். வசம்பு முடிச்சு ஆறு, வெட்டிவேர்க் கட்டு இரண்டு, ஊற வைத்துக் காய்ந்த ஃபால்ஸ் மூன்று. கூடவே அந்த அடர்பச்சைப் பேன்ட். கால் ஓரத்தை ஊக்கால்தான் குத்தியிருக்கிறேன், தைக்கவில்லை. நீ வழக்கமாகப் போடுகிற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, கணுக்கால் எலும்பிலிருந்து ஓரம் எத்தனை அங்குலம் மேலே நிற்கிறது என்று டேப்பில் பார்த்துச் சொல். இரண்டு காலையும் தனித்தனியாக அள.

அன்புடன்,
அம்மா